இரண்டு முறை ஒலித்து நிற்கும் போன்

நேற்று பாஸ்புக் பதிய சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து வங்கிக்குப் போனேன். "சர்வர் டவுன், சாயங்காலம் வாங்க" என்றாள் கவுண்டர் பெண். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. எனக்கு எதற்கும் வியர்க்கும். பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிற ரகம் நான். ஆனால் நேற்று வியர்த்தது, உள்ளே ஒரு கண்ணாடிக் கதவு திறந்தபோது வந்த வாசனையால். ஏசிக் குளிரும் சூடான ஒயரும் கலந்த வாசனை.

எண்பதுகளில் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் அந்த வாசனைக்குள்தான் இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு அங்கே என்ன வேலை என்பீர்கள். பிரிண்டருக்குக் காகிதம் மாட்டுவது, செருப்போடு வருகிறவர்களைத் துரத்துவது. ஆப்பரேட்டர் ஜோசப், பாலக்கரைக்காரர், பொழுது போகாமல் எனக்கு மெஷினைப் பற்றிச் சொல்வார். அதற்கு இரண்டு மூளையாம். ஒன்றுக்கொன்று 'இருக்கேன், இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்குமாம். ஒன்றின் குரல் நின்றால் மற்றது, கடைசியாக எழுதி வைத்த இடத்திலிருந்து வேலையைத் தொடருமாம்.

எனக்கு உடனே புரிந்தது. எங்கள் வீட்டு ஏற்பாடே அதுதான். என் மனைவி ராஜத்துக்கு இதயத்தில் வால்வு கோளாறு. ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கார மாமியிடம் போன் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ராஜம் அதில் எங்கள் கம்ப்யூட்டர் அறை நம்பரைச் சுழற்றுவாள். இரண்டு முறை ஒலித்து நிற்கும். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். எடுத்தால் மாமிக்குக் காசு ஏறும். அதனால் எடுக்கக் கூடாது.

ஒரு மழை நாளில் போன் ஒலிக்கவில்லை. நனைந்துகொண்டே பஸ் பிடித்து ஓடினேன். ராஜம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "லைன் செத்துப்போச்சுங்க, நான் சாகலை. இப்படி ஓடி ஓடி வந்தா உங்க வேலைதான் மொதல்ல போகும்" என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை. மேனேஜர் ஏற்கெனவே முறைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு போன் தவறவே இல்லை. நானும் நிம்மதியாகத் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் மெஷின் கணக்குகளைத் தாறுமாறாக அடித்துத் தள்ளியது. ஜோசப் தலையில் கைவைத்துக்கொண்டார். "செத்தா உடனே தெரிஞ்சுடும்ண்ணே. இது கெட்டுப்போயும் இருக்கேன் இருக்கேன்னுல்ல சொல்லுது! விடை தெரிஞ்ச கணக்கு ஒண்ணக் குடுத்துக் கேக்கணும். அப்பத்தான் மாட்டும்." அப்படித்தான் மாட்டியது. கெட்ட மூளையை ஒதுக்கிவிட்டு, நல்லதை வைத்து, முன்பு எழுதி வைத்த இடத்திலிருந்து மறுபடி ஓட்டினார்கள். நான் காகிதம் மாட்டிக்கொண்டிருந்தேன். போன் இரண்டு முறை ஒலித்து நின்றது. "அண்ணி உத்தரவு வந்துடுச்சு, சாப்பிடப் போங்க" என்று சிரித்தார் ஜோசப்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் நிறையச் செருப்புகள். மாமி என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இத்தனை நாளும் பகலெல்லாம் படுத்தபடியேதான் கிடந்தா. நீங்க வர்ற நேரத்துக்கு எழுந்து முகம் அலம்பிண்டு உக்காந்துடுவா. போன் நான்தான் பண்ணிண்டிருந்தேன். 'சொல்லிடாதீங்க மாமி, வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவார்'னு சொன்னா. இன்னிக்கும் பண்ணினேன். தூங்கறாள்னு நெனச்சுண்டு..."

திரும்பிப் போய்த் தொடங்க, எனக்கு எழுதி வைத்த இடம் எதுவும் இல்லை.

அந்த மெஷினை எடைக்குப் போட்டுவிட்டார்கள். மாமியின் வீடு இருந்த இடத்தில் அபார்ட்மென்ட் நிற்கிறது. சுழற்றும் போனை இப்போது யார் வைத்திருக்கிறார்கள்? என் சட்டைப்பையில் இருப்பது அடித்தாலும் சட்டென்று எடுப்பதில்லை. இரண்டு முறை ஒலிக்கட்டும் என்று காத்திருக்கிறேன். மூன்றாவதும் ஒலிக்கிறது. எப்போதும் ஒலிக்கிறது.