பெடலை மறித்த கால்கள்

ஊட்டியில் ஓர் ஆராய்ச்சிக்கு வயதானவர்களைக் கேட்டார்கள். போனேன். அங்கே இருந்த சைக்கிளில் மோட்டார்தான் பெடலைப் பின்னோக்கிச் சுழற்றும். நாம் அதைக் காலால் தடுக்க வேண்டும். சுமையோடு மலை இறங்கும்போது தொடை இழுத்துப் பிடிக்குமே, அதே வேலைதான். இந்தப் பயிற்சியால், ரத்தத்தில் நோயோடு போராடும் செல்கள் தமக்கான சக்தியை உண்டாக்கும் விதம் மாறுகிறதா என்று பார்ப்பார்களாம்.

முதல் நாள், பெடல் போன போக்கில் காலை விட்டுவிட்டேன். நடுவட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் உழைத்தவள் நான். ஓடுகிற மெஷினைத் தடுக்காதே என்பதுதான் அங்கே முதல் பாடம்.

"தடுங்கம்மா, விட்றாதீங்க," என்றாள் பயிற்சி கொடுக்கும் பெண்.

மெஷினுக்கு அடங்கினேன், மேஸ்திரிக்கு அடங்கினேன், வீட்டில் எல்லோருக்கும் அடங்கினேன். எதிர்த்து நில் என்று என்னிடம் யாரும் சொன்னதே இல்லை. காலை ஊன்றினேன்.

"இந்த வயசுல எதுக்குங்கம்மா? வூட்டுல சும்மா இருங்க," என்றான் மகன். மறுநாளும் பஸ் ஏறினேன்.

கடைசி வாரம் ரத்தம் எடுத்தார்கள். "செல்லுல மாற்றம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்ங்கம்மா," என்றாள் அந்தப் பெண். இருந்தால் இருக்கட்டும் என்று சைக்கிளில் ஏறி உட்கார்ந்தேன்.

"தொடை நடுங்குதுங்களே, மோட்டாரைக் குறைக்கட்டுங்களா?"

"கூட்டு கண்ணு."