கார் கேட்ட நல்ல தண்ணீர்

என் வீட்டுக்காரருக்குக் கார்ப் பைத்தியம். யாழ்ப்பாணத்தில் கிளாக்கர் வேலை, நாரந்தனையில் வீடு, இரண்டுக்கும் நடுவே கடலுக்குள்ளால் போகிற தாம்போதி. அந்தத் தெருவில் ஒரு சின்னச் சிவப்புக் காரில் அவர் பறக்கிற பறப்பைப் பற்றி அல்லைப்பிட்டியில் மீன் விற்கிற பெண்களே என்னிடம் முறையிட்டிருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை மலைநாட்டில் காரோட்டப் போட்டிக்கும் போவார். அறுபதுகளின் நடுவில் அப்படியொரு போட்டியில் வளைவொன்றில் கார் சரிந்து, மயிரிழையில் பள்ளத்துக்குத் தப்பினார். வந்தவர் போட்டியை விட்டாரா? நல்ல ஷொக் அப்சோபர் நாலு போட்டால் எல்லாம் சரி என்றார்.

கப்பலில் வேலை செய்த என் தமையன் இங்கிலாந்திலிருந்து ஷொக் அப்சோபர் படத்தாள்கள் இரண்டு அனுப்பினார். ஒன்றில் இருந்தது இரும்பு உடம்பு, பாரமானது. மற்றது அலுமினியம், பக்கத்தில் ஒரு திருகு. அதைத் திருகி இறுக்கிவிட்டால் எந்த வளைவிலும் கார் சரியாதாம். இரண்டு தாளையும் சாப்பாட்டு மேசையில் விரித்து வீட்டுக்காரர் ஒரு கிழமை பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சோற்றுக் கோப்பையை எங்கே வைப்பது?

ஊர்காவற்றுறையில் கராஜ் வைத்திருந்த அவருடைய சிநேகிதர் வந்தார். போட்டியில் பக்கத்து ஆசனத்தில் இருப்பவரும் அவர்தான்.

“இரும்பை எடு மச்சான். அலுமினியம் கடலுப்புக்கு நிண்டுபிடிக்காது. போல்ட் பூட்டுற இடத்திலைதான் முதல் அரிக்கும்.”

“இரும்பை இறுக்கித் தளர்த்த ஏலாதே.”

“அப்ப ஒண்டு செய். ஒவ்வொரு நாளும் தாம்போதி கடந்து வந்தவுடனை அடிப்பக்கத்தை நல்ல தண்ணியாலை கழுவவேணும். கழுவாட்டி நான் பக்கத்திலை ஏறமாட்டன்.”

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். “இஞ்சாரும், உம்மாலை ஏலுமே?”

“ஓம்” என்றேன். அவர் உயிரோடு திரும்பி வரவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு என்ன வேண்டும்?

எங்கள் வளவுக் கிணறு உவர். குடிதண்ணீருக்கு அரை மைல் நடக்கவேண்டும். அலுமினியம் வந்து பூட்டியபின் முதல் சில மாதங்கள் சொன்னபடி சுமந்து வந்து கழுவினேன். அடுத்த மாரி பொய்த்தது. நல்ல தண்ணீர்க் கிணற்றடியில் ஒரு குடத்துக்கு ஒரு மணித்தியாலம் நிற்கவேண்டியிருந்தது. எனக்கு வயிற்றில் ஐந்து மாதம். மூத்தவளுக்கு வயிற்றோட்டம். ஒருநாள் பின்னேரம் குடத்தோடு வந்தபோது அவர் பிள்ளையை எட்டியும் பாராமல் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைக்கு வாய் நனைக்கத் தண்ணீர் இல்லை, இந்தத் தகரத்துக்குத் தீர்த்தமோ? வளவுக் கிணற்றில் இரண்டு வாளி அள்ளி அடியில் ஊற்றினேன். மறுநாளும் அதையே ஊற்றினேன். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது குனிந்து பார்த்தேன். அலுமினியத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. வளவுக் கிணற்றுத் தண்ணீரைக் குளிக்கச் சுடவைக்கிற பானையில் படிகிற அதே வெள்ளை. நகத்தால் சுரண்டினேன், அடியில் ஈரமாகவும் குழியாகவும் இருந்தது. அன்றே சொல்லியிருக்கலாம். அவருடைய முகத்தை நினைத்துப் பயந்து, நாளைக்குச் சொல்வோம் என்று நாலு நாளைப் போக்கினேன். அதற்குள் ஒழுங்கையில் கார் திரும்பும்போதெல்லாம் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. திருகு இறுகியிருக்கிறது, அதுதான் என்றார் அவர்.

புறப்படுகிற காலை சிநேகிதர் காரைச் சுற்றி வந்தார். குனியப் போனவர் என்னைக் கண்டு நின்றார்.

“நல்ல தண்ணியாலைதானே கழுவினனீர், தங்கச்சி?”

“ஓம்.”

அவர் குனியவில்லை. இருவரும் ஏறிப் போனார்கள். ஒழுங்கை முடக்கில் அந்த ‘டக்’ ஒருமுறை கேட்டது.

மூன்றாம் நாள் தந்தி வந்தது, வளைவில் கார் பள்ளத்துக்குள் விழுந்துவிட்டது என்று. நான் போய்ச் சேர்ந்தபோது மலைநாட்டு ஆசுப்பத்திரியில் அவர் இடது காலை இழந்து கிடந்தார். சிநேகிதருக்குத் தலையில் கட்டு. என்னை விறாந்தைக்கு அழைத்துப்போய், சட்டைப்பையிலிருந்து உடைந்த அலுமினியத் துண்டை எடுத்துக் காட்டினார்.

“கடலுப்பு இப்பிடிப் படியாது. இது உவர்க் கிணத்துத் தண்ணியிலை படியிற சுண்ணாம்பு.”

அவர் துண்டைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

“அவனுக்கு நான் சொல்லமாட்டன். நீர் சொல்லும்.”

நான் சொல்லவில்லை. இளையவன் பிறக்கட்டும் என்றிருந்தேன், பிறந்தான். அவர் ஊன்றுகோலோடு நடக்கப் பழகட்டும் என்றிருந்தேன், பழகினார். சிநேகிதர் எங்கள் வீட்டுக்கு வருவதை மெல்ல நிறுத்திக்கொண்டார். காரணம் தெரியாமல் வீட்டுக்காரர் கவலைப்பட்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மூத்த மகளின் மாப்பிள்ளை ஒரு கார் வாங்கினார். எந்த ஷொக் அப்சோபர் போடலாம், மாமா என்று கேட்டார்.

“அலுமினியத்தைத் தொடாதையும் தம்பி. சிநேகிதன் படிச்சுப் படிச்சுச் சொன்னவன், நான்தான் கேக்கேல்லை. பிழையாத் தெரிஞ்செடுத்துக் காலைக் குடுத்தனான். இவ பாவம், வயித்திலை பிள்ளையோடை நல்ல தண்ணி சுமந்து ஒரு நாளும் விடாமல் கழுவினவ.” அவர் என் பக்கம் திரும்பினார். “இஞ்சாரும், அப்பிடித்தானே?”

“ஓம்” என்றேன்.