பிரிபடாத பாகம்

“மேட்டூர் திறந்தாலும் சரி, திறக்காட்டியும் சரி, மாசம் பொறந்தா வாடகை வந்துடும் சார்” என்று தரகர் சொன்னதில்தான் விழுந்தேன். துபாயில் காலத்தைக் கழித்துவிட்டு நீடாமங்கலத்துக்குத் திரும்பியவன் நான். எது களை, எது பயிர் என்று எனக்குத் தெரியாது. பிடுங்குவேன், அண்ணன் திட்டினால் அது பயிர். அப்பா போன பிறகு நானும் அண்ணனும் வரப்பு போட்டுப் பிரித்துக்கொண்ட நிலத்தில் என் பங்கை விற்று, சென்னையில் மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட் வாங்கினேன். குடியிருக்க அல்ல, வாடகைக்கு விட.

வீடு பார்க்கப் போன அன்றே மானம் போனது. “தண்ணி எப்படி? தலைமடையா, கடைமடையா?” என்று கேட்டுவிட்டேன். வாய்க்கால் தண்ணீர் முதலில் பாயும் வயலா, கடைசியில் மிச்சமீதி வந்து சேரும் வயலா என்று நிலம் வாங்குகிறவன் கேட்கும் கேள்வி அது. தரகர் யோசித்துவிட்டு, “லாரி வரும் சார்” என்றார்.

பத்திரத்தில், மனையில் எனக்குப் ‘பிரிபடாத பாகம்’ உண்டு என்று எழுதியிருந்தது. கார் நிறுத்தும் இடத்துக்கு இறங்கிப்போய், “என் பாகம் எந்தப் பக்கம்? கல்லு ஊனியிருக்கா?” என்று கேட்டேன்.

“அப்படித் தனியா காட்ட முடியாது சார். இந்த மண்ணு இங்க இருக்கிற எல்லாருக்கும் பொது. யாரும் பிரிச்சுக்க முடியாது.”

மண்ணையாவது பார்க்கலாம் என்று குனிந்தால் எல்லாம் சிமெண்ட்.

விற்பதற்கு முன் அண்ணனிடம்தான் முதலில் கேட்டேன். வாங்க அவருக்கு வசதியில்லை. “உன் பங்கு, வித்துக்க” என்றார். வாங்கியவர் வந்த வேகத்தில் கம்பி வேலி போட்டார். அதைப் பார்த்த அன்று அண்ணன் சொன்னார்: “ஏக்கர் கணக்குல இல்ல, வேலிக் கணக்குல நிலம் வச்சிருந்த குடும்பம்டா. இப்ப கம்பி வேலிதான் மிச்சம். உன் பட்டணத்து வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்.”

அதோடு பேச்சு நின்றது. ஒரு கல்யாணத்தில் விவரம் தெரியாத யாரோ எங்களைப் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வைத்துவிட்டார்கள். ரச வாளி என் பக்கமாக வந்ததால், ரசப் பைத்தியமான மனுஷர் ரசமே வேண்டாமென்று எழுந்துபோனார். நான் அவர் பங்கையும் சேர்த்துக் குடித்தேன்.

பிறகு அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுக்கட்டி. அண்ணி போன் செய்தார். “மெட்ராஸ்ல தங்கி கரண்டு வைக்கணுமாம் தம்பி. லாட்ஜுலதான் தங்குவேன்னு நிக்கிறாரு.”

ஃபிளாட்டில் இருந்தவர்கள் அப்போதுதான் காலி செய்திருந்தார்கள். அண்ணன் வீட்டுக்குப் போய், அவர் காதில் விழுகிற மாதிரி அண்ணியிடம் சொன்னேன்: “வீடு சும்மா கெடக்குதுங்க அண்ணி. நல்ல ஆளாத் தேடிக்கிட்டிருக்கேன்.”

கட்டிலில் கிடந்தவர் என்னைப் பார்க்காமல், அண்ணியைப் பார்த்து, காற்றாகிப்போன குரலில் கேட்டார்: “குத்தகை என்ன கேக்குறான்?”

“ஒரு போகத்துக்கு ஒரு மூட்டை அரிசி. தை அறுப்பு வரைக்கும் இருக்கலாம்னு சொல்லுங்க அண்ணி.”

“மூட்டை அதிகம்” என்றார். ஆனால் புரட்டாசியில் மூட்டையோடு சென்னைக்கு வந்தார். துணைக்கு நானும் வந்து தங்கினேன்.

வாசலில் நின்று மூச்சு வாங்கினார். என் தோளைப் பிடித்துக்கொண்டு காலை உயரத் தூக்கி உள்ளே வைத்தார். “பாத்துக்க. மிதிக்கல, தாண்டிட்டேன்.”

மூன்று வருஷம் கழித்து என்னிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. பேச ஆரம்பித்த நேரத்தில் குரல் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் சாயங்காலம் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தபடி, “இதுல உன் மண்ணு எங்கடா?” என்றார். தரகர் சொன்னதை அப்படியே சொன்னேன். சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கச் சிரித்தார்.

“முன்னப்பின்ன தெரியாதவங்களோட பிரிபடாம இருக்க. எங்கிட்டதான் வரப்பு போட்டுக்கிட்ட.”

நான் அவருக்கான கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆறிய பிறகும் ஆற்றிக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் அண்ணன் போய்விட்டார். ஊரில் அவர் வயலில் சம்பா கதிர் வாங்கி நின்றது. சென்னையில் மூட்டையில் பாதிக்குமேல் அரிசி இருந்தது. கஞ்சிக்கு எவ்வளவு செலவாகும்?

காரியம் முடிந்த மறுநாள் தரகர் கூப்பிட்டார். “சார், நல்ல பார்ட்டி. உடனே குடி வர்றாங்களாம். சாவி குடுத்துடலாமா?”

“ஆள் இருக்காங்க.”

“அவர்தான் தவறிட்டாருன்னு சொன்னாங்களே சார்?”

“பயிர் நிக்கும்போது குத்தகைக்காரரை நிலத்தைவிட்டு எழுப்புற வழக்கம் எங்க பக்கம் இல்லீங்க. தை அறுப்பு முடியட்டும்” என்றேன்.

நான் வழக்கம்போல விளையாடுகிறேன் என்று நினைத்து, தரகர் ரொம்ப நேரம் சிரித்தார்.