பத்துக்கு இரண்டு

விளையாட்டு விடுதியில் அவளுக்கு ஐஸ் அக்கா என்று பெயர். பிசியோதெரபி படித்து, சான்றிதழுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பவள்தான். ஆனாலும் எந்நேரமும் ஐஸ் பையும் கையுமாகத் திரிகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? பதினாறு வருடமாக அதே அறை, அதே ரெக்சின் கட்டில், அதே சுளுக்கும் வீக்கமும். அவளை இரக்கம் இல்லாதவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்த இரக்கம்தான் வினையாக முடிந்தது.

இருபது வயதில் அவளும் தடை தாண்டி ஓடியவள். குதிகாலுக்கு மேலே தசைநாண் வலித்தபோது, "பத்துக்கு எவ்வளவு வலி?" என்று மருத்துவர் கேட்டார். உள்ளதை உள்ளபடி "ஏழு" என்றாள். அன்று சாயங்காலமே அணிப் பட்டியலில் அவள் பெயரைக் காணோம். அத்தோடு ஓட்டம் முடிந்தது. அந்த ஆத்திரத்தைத்தான் அவள் விடுதிப் பெண்கள் ஒவ்வொருத்தியின் காதிலும் ஓதினாள்.

"யார் கேட்டாலும் ரெண்டுன்னு சொல்லு. ஒண்ணுன்னா நம்பமாட்டாங்க. மூணுன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

இதைப் பொய் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தாள்.

அப்படிக் கேட்டு வளர்ந்தவர்களில் ஒருத்தி வெட்டுக்கிளி. உயரம் தாண்டுகிறவள், பதினேழு வயது. இடது முழங்கால் சில்லுக்குக் கீழே எட்டு மாதமாக வலி. ஓய்வு, ஐஸ், கட்டு, பயிற்சி எதற்கும் மசியவில்லை. கடைசியில் ஒரு மருத்துவர், ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே ஊசித்துளை வழியாக நாணில் கெட்டுப்போன பகுதியை மட்டும் எடுத்தார். தையல்கூடக் கிடையாது, ஒரு பிளாஸ்திரி.

"அவ்வளவுதானா டாக்டர்?" என்று வெட்டுக்கிளி சிரித்தாள்.

"துளை சின்னதுதான்மா. உள்ள ஆறுறது சின்ன விஷயம் இல்ல. வாராவாரம் வலி எவ்வளவுன்னு சொல்லணும். மூணைத் தாண்டினா பயிற்சியை நிறுத்திடுவேன். ஸ்கேன்ல பாதிதான் தெரியும், மீதியை நீதான் சொல்லணும்."

பக்கத்தில் நின்ற ஐஸ் அக்காவுக்குத் தான் ஓதிய இரண்டு ஞாபகம் வந்தது. திரும்பும் வழியில், "இனிமே உண்மையைச் சொல்லு" என்று சொல்லிவிட நினைத்தாள். வெட்டுக்கிளியோ ஜன்னலோரம் உட்கார்ந்து, அணித் தேர்வுப் போட்டிக்கு இன்னும் எத்தனை வாரம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்று. அந்த முகத்தைப் பார்த்ததும் இவளுக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை தோறும் ஒரே பேச்சு. "எவ்வளவு?" "ரெண்டுக்கா." நோட்டில் இரண்டு என்று எழுதி மருத்துவருக்கு அனுப்பினாள். ஏழாவது வாரம் வெட்டுக்கிளி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்குவதைக் கண்ணாரக் கண்டாள். அந்த வாரமும் இரண்டு என்றுதான் எழுதினாள். இதை மறதி என்று பூசி மெழுக வேண்டாம். மருத்துவருக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். ஆனால் போட்டால் பதினாறு வருடத்து இரண்டுகளையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தத் துணிச்சல் அவளுக்கு இல்லை.

வரிசையாக இரண்டுகளைப் பார்த்த மருத்துவர், பத்தாவது வாரம் தாண்ட அனுமதித்தார். "நம்ம புள்ள ரெடி!" என்று கோச் குதித்தார்.

தேர்வுப் போட்டியில் முதல் தாவல் சுலபமாக முடிந்தது. இரண்டாவதில் வளைந்து ஓடிவந்து இடது காலை ஊன்றினாள். துணி கிழிவதுபோல ஒரு சத்தம். மேலே கம்பி அசையவே இல்லை. வெட்டுக்கிளி அதற்கு இந்தப் பக்கமே விழுந்து கிடந்தாள்.

ஐஸ் அக்கா ஓடிப்போய் மண்டியிட்டாள். முழங்கால் சில்லு இருக்க வேண்டிய இடம் குழிந்திருந்தது. சில்லு தொடைப் பக்கமாக மேலே ஏறியிருந்தது. நாண் முழுசாக அறுந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. பாவி, நானே கெடுத்தேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"கண்ணு, இப்பவாவது உண்மையைச் சொல்லுடா. எவ்வளவு வலிக்குது?"

வெட்டுக்கிளியின் முகம் வெளுத்திருந்தது. அக்காவுக்குப் பின்னால் அணிப் பட்டியலோடு நின்ற கோச்சை ஒரு தடவை பார்த்தாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு, "ரெண்டுதான்க்கா" என்றாள்.