கண்வலிக்கிழங்குக் காடு

கால் கட்டைவிரல் வீங்கிப்போயிருந்த என் கணவருக்கு மாத்திரை எழுதிய டாக்டர், "கண்வலிக்கிழங்கு விதையிலிருந்து எடுக்கறதுங்க. வலிக்கு நல்லா கேக்கும், அளவு மீறினா விஷம்" என்றார். எனக்கு மூலனூரில் அதைப் பயிரிட்டிருந்த எங்கள் காடு நினைவுக்கு வந்தது. கம்பிகளில் கொடியேறிச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடக்க, வெயில் ஏறுமுன் வேலைக்கு வரும் வேலாத்தா ஒவ்வொரு பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்த்துக்கொண்டே போவாள். அவள் பின்னாலேயே நானும் போவேன். "பூவைத் தொடு கண்ணு, கெழங்கைத் தொட்டா மட்டும் கையக் கழுவிப்போடோணும்" என்பாள்.

ஒருநாள் சோறாக்கி விளையாட ஒரு கிழங்கைத் தோண்டி நறுக்கி, அப்படியே வரப்பில் விட்டுவிட்டு வந்தேன். அதைத் தின்ற அவளுடைய சினையாடு பொழுது சாய்வதற்குள் செத்துப்போனது. "என்ற கவனக்கொறவுதானுங்க" என்று அவள் என் அப்பாவிடம் சொன்னபோது பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் அவள் பூத்தொட வந்தாள். ஆனால் அதன் பிறகு ஆடு வளர்க்கவே இல்லை.

காடு இப்போது வீட்டுமனைகளாகிவிட்டது. போன வருடம் வேலாத்தா படுத்த படுக்கையாக இருந்தபோது பார்க்கப் போனேன். "எம்பொறகாலயே சுத்துவியே அம்மணி" என்று சிரித்தாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அவள் மகள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.