வீங்கிப்போன நாலாவது போல்ட்டு

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அன்றைக்குக் காலையிலிருந்தே நிற்கவில்லை. திருச்சுழிப் பக்கம் எங்கள் மிளகாய்ச் செடியெல்லாம் பூவெடுத்து நிற்க, கிணற்று டீசல் எஞ்சின் ஹெட்டுப் பேக்கிங் போய்ப் படுத்துக்கொண்டது. அன்று தண்ணீர் பாயாவிட்டால் பூ முழுக்கக் கொட்டிவிடும். என் வீட்டுக்காரர் அருப்புக்கோட்டைக்கு ஓடிப் புதுப் பேக்கிங் வாங்கி வந்தார். அதை மாட்ட நாலு போல்ட்டைக் கழற்ற வேண்டும். மூன்று கழன்றன. நாலாவது அசைவேனா என்றது.

டீசல் ஊற்றி ஊறப்போட்டார். சுத்தியலால் தட்டினார். மற்ற மூன்றையும் கழற்றிய ஸ்பானர் இதன் தலையில் உட்காரவே இல்லை. அடுத்த சைஸ் லொடலொடத்தது. அதன் வாலில் பைப்பைச் சொருகித் தொங்கினார். வழுக்கி, விரல் முட்டியில் தோல் உரிந்தது.

“நாலும் ஒரே சைஸுதான். இது மட்டும் வீங்கிப்போச்சு” என்றார்.

“போல்ட்டு வீங்குமாக்கும்! கழட்டத் துப்பில்லன்னு சொல்லுங்க.”

பந்தல்குடி மெக்கானிக்குக்குப் போன் போட்டோம். நாளைக்குத்தான் வருவாராம். “டீசலச் சுத்தமாத் தொடச்சிட்டு, நல்லா சூடு காட்டிப் பாருங்கண்ணே” என்றார்.

சீமைக்கருவேல விறகைக் கொளுத்தி, கடப்பாரை நுனியைப் பழுக்கக் காய்ச்சி, போல்ட்டுத் தலையில் வைத்தார். புகை வந்தது. கூடவே கமகமவென்று சந்தன வாசம்!

என் வாய் அப்போதுதான் நின்றது. ஆயுத பூசைக்கு முந்தின நாள் அவர் எஞ்சினுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிப்பார். மறுநாள் நான் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். எஞ்சின் கொட்டகை வாசலைப் பார்த்த போல்ட்டு இதுதான் என்பதால் இதற்கு மட்டும் அப்பி வைப்பேன். மறுவருசம் அதன்மேலேயே பெயிண்ட். பண்ணறுவாளால் சுரண்டினேன். பச்சை, மஞ்சள், பச்சை, மஞ்சள் என்று அடையடையாக உதிர்ந்தது.

பழைய ஸ்பானர் கச்சிதமாக உட்கார்ந்தது. முதலில் ஒரு இழை முறுக்கிவிட்டு, அப்புறம் எதிர்ப்பக்கம் திருப்பினார். ‘கடக்’கென்று விட்டுக்கொடுத்தது. பொழுது சாய்வதற்குள் எஞ்சின் ஓடி, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது.

காயத்துக்கு மஞ்சள் வைத்துவிட்டேன். கையைக் காட்டிக்கொண்டே சொன்னார்:

“வர்ற ஆயுத பூசைக்கு அதுக்குப் பொட்டு வேணாம். அந்த மரியாதைய எனக்குக் கொஞ்சம் குடு, போதும்.”

சிரிப்பை அடக்க முடியாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திருப்பப் போனேன்.