பிள்ளையார் முதுகுக்கு எண்ணூறு கிராம்

காலை ஏழரை மணிக்குச் சிங்கப்பூரில், செங்காங்கில் மகள் வீடு இருக்கும் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே டாக்சி ஏறினேன். அவளுக்குச் சுகப்பிரசவம் ஆனால் தேக்கா கோயில் பிள்ளையாருக்கு முழுக்கச் சந்தனக்காப்பு சாத்துவதாக வேண்டியிருந்தேன். பேத்தி பிறந்து நாற்பது நாளாகிறது. மறுநாள் எனக்கு விமானம். வேண்டுதலை முடிக்க இந்த ஒரு நாள்தான் இருந்தது.

அறந்தாங்கிப் பக்கம் எங்கள் தெருப் பிள்ளையார் ஓரடி உயரம். நானூறு கிராம் சந்தனத்தூளைக் குழைத்தால் முன்னும் பின்னும் மூடிவிடும். இங்கே இருப்பவர் இரண்டடி என்று மாப்பிள்ளை அளந்து சொல்லியிருந்தார். அதனால் எண்ணூறு கிராம் கொண்டுவந்திருந்தேன்.

ஓட்டுநர் தமிழர், முன்பு செம்பவாங் கப்பல் பட்டறையில் பெயிண்டராக இருந்தவர். மடியில் என்ன பை என்று கேட்டார். சொன்னேன்.

"பத்தாதுண்ணே. உயரம் டபுள்னா தொப்பையும் டபுளா அகலும்ல? நாலு மடங்கு வேணும் லா."

"சாமி தொப்பையப் பத்தி இப்படியா பேசுறது தம்பி?"

"டேங்க் அடிச்ச அனுபவம்ண்ணே! சின்ன டேங்க் கணக்க வச்சு, அதுல டபுள் சைஸ் டேங்க்குக்கு ரெண்டு பங்கு பெயிண்ட் எடுத்துட்டுப் போனேன். பாதியிலயே காலி. சூப்பர்வைசர் ஒரு வாரம் என்னை 'டபுள், டபுள்'னே கூப்பிட்டாரு."

நான் எட்டாவதோடு நின்றவன். ஒரு தாளில் ஓரங்குலச் சதுரம் ஒன்றும் ஈரங்குலச் சதுரம் ஒன்றும் வரைந்து பார்த்தேன். பெரியதற்குள் சின்னது சரியாக நான்கு உட்கார்ந்தது. அப்படியானால் ஆயிரத்து அறுநூறு கிராம் வேண்டும்.

எட்டு மணிக்குத் தேக்கா. பன்னிரண்டு கிலோமீட்டர், டாக்சிக்குப் பத்தொன்பது வெள்ளி. பூசைச் சாமான் கடை திறக்கும்வரை வாசலிலேயே நின்று, இன்னும் எண்ணூறு கிராம் வாங்கினேன்.

பத்து மணிக்குக் குருக்கள் காப்பு சாத்தத் தொடங்கினார். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த தூள் தீர்ந்ததும் கையைக் கழுவினார்.

"சாமி, இன்னும் அவ்வளவு இருக்கே?"

"முதுகு சுவரோட ஒட்டியிருக்கு. அங்க யார் கை போகும்? இங்க முன்பக்கம் மட்டுந்தான்."

நான்கில் பாதி இரண்டு. நான் தப்பாகப் போட்ட கணக்கைப் பிள்ளையார் சரியாக்கி வைத்திருந்தார். தீபாராதனையில் பொன்போல ஜொலித்தார், கண் நிறைந்தது. ஆனாலும் 'முழுக்க' என்றல்லவா வேண்டியிருந்தேன்? குருக்களிடமே கேட்டேன்.

"மனசு ஆறலைன்னா, மீதிய எங்கயாவது ஒரு பிள்ளையாருக்குச் சாத்துங்கோ. எல்லாம் அவர்தானே."

மறுநாள் விமான நிலையத்தில் அந்தப் பொட்டலம் என் பையில் இருந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. வேம்படியில் நாலு பக்கமும் காற்றாட உட்கார்ந்திருக்கிறார். தேக்கா பிள்ளையாரின் ஒரு முதுகு, அவருக்கு இரண்டு முழுக்காப்பு.

ஒன்றை நான் போய் இறங்கியதும் சாத்த வேண்டும். மற்றது, பேத்தி காதுகுத்துக்கு ஊருக்கு வரும் அன்றைக்கு.